குடும்பத்தோடு பெங்களூரு தொழில்நுட்ப அருங்காட்சியகம்: ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

மே மாத விடுமுறையில் மார்த்தாண்டத்திலிருந்து குடும்பத்தோடு பெங்களூரு செல்லவிருப்பதாகவும், கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முழுவதும் பார்த்து முடிக்க முடியுமா என்றும், எந்த வரிசையில் பார்த்தால் ஒன்றும் விடுபடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பு மகன், இரண்டாம் வகுப்பு மகள், மூட்டுவலியுள்ள 68 வயது அம்மா ஆகியோர் உடன் வருகிறார்கள் என்று குறிப்பிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் வணிகவியல் படித்தவர்கள் என்பதால் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. நேரம் போதுமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அறிவியல் படிக்காத பெற்றோர், வயதில் வெகுதூரம் விலகி நிற்கும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பாட்டியையும் அழைத்துக்கொண்டு போய், ஐந்து பேருக்கும் பயன்படும்படி அதை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இயந்திரவியல் படித்தவன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். மாணவர்களை ஆண்டுதோறும் திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும், முடிந்தபோதெல்லாம் பெங்களூருக்கும் அழைத்துச் செல்வது என் பொறுப்பில் இருந்தது. பின்னர் சொந்தக் குடும்பத்தோடும் அங்கெல்லாம் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: முழுவதையும் ஒரே நாளில் கடந்து நடக்க முடியும், ஆனால் பார்க்க முடியாது. அதற்கு முயலவும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு பொருள்களை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி, அரை மணி நேரம் நில்லுங்கள். மற்றவை வழியில் கண்ணில் பட்டால் போதும்.

இது என் விருப்பம் மட்டுமன்று. பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-லேயே பார்வையாளரின் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பொருளையும் பார்ப்பதற்கு ஒருவர் எப்படிக் குனிய வேண்டியிருக்கிறது, கழுத்தை எப்படி வளைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் படமெடுத்துக் காட்டி, உடல் களைத்தபின் கண் எதையும் உள்வாங்குவதில்லை என்று விளக்கினார். பின்னால் வந்தவர்கள் பார்வையாளரைத் தொடர்ந்து கவனித்து, முதல் அரை மணி முதல் முக்கால் மணி வரைதான் கவனம் கூர்மையாக நிற்கிறது என்றும், அதற்குப் பிறகு வேகமாக நடந்துபோகத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டார்கள். ஆகவே எது உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமோ அதை முதலில் பாருங்கள். நுழைவாயிலில் எது இருக்கிறதோ அதிலிருந்து வரிசையாகத் தொடங்கினால், நல்ல கவனமெல்லாம் அங்கேயே செலவாகிவிடும்.

முதலில் பார்க்க நான் பரிந்துரைப்பது, ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு மாதிரி. அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்ற ஊருக்கு அருகே 1903 டிசம்பர் 17 அன்று பறந்த அந்த விமானத்தை அதே அளவில் செய்து இங்கே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பறக்கும் அனுபவத்தைத் தரும் சிமுலேட்டரும் உண்டு. பிள்ளைகள் சிமுலேட்டரை நோக்கித்தான் ஓடுவார்கள். ஓடட்டும், ஆனால் விமானத்தைப் பார்த்தபின். முதல் பறத்தல் நீடித்தது 12 விநாடி, கடந்த தூரம் 120 அடி. இந்த எண்ணைச் சொன்னால் குழந்தைகளுக்கு ஒன்றும் தோன்றாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்று கீழே பறளியாற்றைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பாலத்தின் உயரம் 115 அடி. உலகின் முதல் விமானம் முதல் முயற்சியில் பறந்த தூரம், தொட்டிப்பாலத்தின் உயரத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று சொல்லிப் பாருங்கள். அதே நாளில் நான்காவது முறை பறந்தபோது 59 விநாடியில் 852 அடி சென்றது. அதன்பின் தரையில் நிறுத்தியிருந்தபோது காற்று அதைப் புரட்டிப் போட்டுச் சேதப்படுத்தியது. அது மறுபடி பறக்கவே இல்லை.

அந்த விமானத்தில் உங்கள் மகன் பார்க்க வேண்டிய இடம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். எஞ்சின் ஒன்றுதான், அதைக் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்துகொடுத்தார். அதன் திறன் சுமார் 12 குதிரைத்திறன். இன்று நம் சாலையில் ஓடும் 100 சிசி பைக்கின் திறனே 8 குதிரைத்திறனை ஒட்டி வந்துவிடுகிறது. அந்த ஒரே எஞ்சின், பின்னாலுள்ள இரண்டு சுழலிகளை (புரொப்பெல்லர்), சைக்கிளில் இருப்பதைப் போன்ற பல்சக்கரமும் சங்கிலியும் கொண்டு சுழற்றியது. அசல் விமானத்தில் ஒரு பக்கச் சங்கிலி நேராகவும், மற்றப் பக்கச் சங்கிலி நடுவில் குறுக்காக மாறி எட்டு என்ற எண்ணின் வடிவிலும் ஓடியது. எதற்காகக் குறுக்கே விட்டார்கள் என்று மகனிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். அவன் இரு சங்கிலிகளையும் விரலால் காற்றில் தொடர்ந்து பார்த்தால், குறுக்கே போன சங்கிலி தன் சுழலியை எதிர்த்திசையில் சுற்றும் என்பதைத் தானே கண்டுபிடிப்பான். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் விமானம் எதிர்ப்பக்கம் சாய இழுபடும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டிவிடும்.

இங்கேதான் உங்கள் அம்மாவை முன்னால் அழைக்க வேண்டும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வீடுகளில் அவர் வயதுடையவர்களில் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினைப் பார்க்காதவர்கள் குறைவு. பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்து, உறைந்ததை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். கைப்பிடி ஒன்றுதான், உருளைகள் இரண்டு. ஆனால் ஷீட் உள்ளே இழுபட வேண்டுமானால் இரண்டு உருளைகளும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். அதற்காகப் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தியிருப்பார்கள். ஒன்றோடொன்று பல் கோத்த இரு சக்கரங்கள் எப்போதும் எதிர்த்திசையில்தான் சுற்றும். ரைட் சகோதரர்கள் சங்கிலியைக் குறுக்கே விட்டுச் சாதித்ததை, ஷீட் மிஷின் செய்தவர் பல்சக்கரம் கொண்டு சாதித்திருக்கிறார். உருளைகளின் இடைவெளியைக் குறைத்தால் கைப்பிடி எவ்வளவு கனக்கும் என்பதும், வரியுள்ள உருளையில் ஏன் கடைசியாகக் கொடுக்கிறோம் என்பதும் உங்கள் அம்மாவுக்குக் கை அறிந்த விஷயங்கள். வரி விழுந்தால் பரப்பு கூடும், புகைக்கூண்டில் விரைவில் காயும். பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவரை நிறுத்துங்கள். பெரும்பாலான குடும்பங்கள் முதியவரை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சுற்றப் போகின்றன; கருவிகளோடு வாழ்நாள் முழுவதும் புழங்கியவர் அந்தக் குழுவில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான்.

அடுத்து, இறக்கை. இதற்கு வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போவது நல்லது. பெங்களூரு புறப்படுவதற்கு முந்தைய ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய் ஒரு மணி நேரம் காற்றாலைகளைப் பாருங்கள். மலைத்தொடர் முடிந்து கணவாய் திறக்கும் இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் பிடிப்பதால்தான் அங்கே சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. எல்லாரும் எண்ணிக்கையைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சாலைக்கு அருகிலுள்ள ஒன்றைத் தேர்ந்து, அதன் இறக்கை அடியிலிருந்து நுனிவரை எப்படி முறுக்கியிருக்கிறது என்று பாருங்கள். அடிப்பகுதி காற்றுக்கு நன்றாகத் திரும்பியிருக்கும். நுனி ஏறக்குறையத் தட்டையாகச் சுழலும் தளத்திலேயே கிடக்கும். காரணம், ஒரே சுற்றில் நுனி போகும் தூரம் மிக அதிகம். இறக்கையின் நீளம் 40 மீட்டர், நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டு மகனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர் வரும். மெதுவாகச் சுற்றுவதாகத் தெரிவது அவ்வளவு வேகம்! இவ்வளவு வேறுபட்ட வேகங்களில் காற்றைச் சரியான கோணத்தில் சந்திப்பதற்காகத்தான் அந்த முறுக்கு.

இதே முறுக்கை ரைட் சகோதரர்களின் மரச் சுழலிகளிலும் காணலாம். அவர்களுக்கு முன்பு பலரும் விமானச் சுழலியைக் கப்பலின் சுழலிபோல நினைத்தார்கள். அது சுழலும் இறக்கை என்று கண்டுகொண்டு கணக்குப் போட்டது ரைட் சகோதரர்களின் பெரிய சாதனை. 1901-ல் தாங்களே ஒரு காற்றுச் சுரங்கப் பெட்டி (உள்ளே காற்றைச் செலுத்திச் சோதிக்கும் பெட்டி) செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சிறிய அளவில் செய்து அதில் சோதித்தார்கள். விமானம் பறந்தது அந்தச் சோதனைகளின் பலன்.

இறக்கை ஏன் தூக்குகிறது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பல பாடநூல்களிலும், சில காட்சிப் பலகைகளிலும் ஒரு விளக்கம் இருக்கும்: இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று கூடுதல் தூரம் செல்ல வேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர்வதற்காக அது வேகமாகப் போகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது என்று. இது தவறு என்பதில் ஐயமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அளந்து பார்த்தால் மேலே போன காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலே காற்று வேகமாகப் போவதும் அங்கே அழுத்தம் குறைவதும் உண்மை. சொல்லப்படும் காரணம்தான் பொய். பிள்ளைகளுக்குச் சொல்ல எளிய, பிழையில்லாத விளக்கம் இதுதான்: இறக்கை தன்மேல் வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, காற்றைக் கீழே தள்ளும் பொருளைக் காற்று மேலே தள்ளுகிறது. ஒரு கெட்டி அட்டையை மேசை விசிறியின் முன் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால், ஏழு வயதுக் குழந்தையின் கையே அதை உணர்ந்துகொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொன்று, காலியான பற்பசை அட்டைப்பெட்டி. இரண்டு முனைகளையும் திறந்துவிட்டு, மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்குங்கள். மேல்பரப்பும் கீழ்பரப்பும் ஒரு முனையில் ஒரு பக்கமும் மறுமுனையில் எதிர்ப்பக்கமும் திரும்பும். 1899-ல் வில்பர் ரைட் சைக்கிள் டியூப் வந்த ஒரு நீளமான அட்டைப்பெட்டியை இப்படிக் கையில் வைத்து முறுக்கியபோதுதான், விமானத்தின் இரட்டை இறக்கைகளையும் இப்படி முறுக்கினால் இடவலச் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அருங்காட்சியகத்தில் மாதிரியின் முன் நிற்கும்போது, விமானி குப்புறப் படுத்துக்கொள்ளும் இடத்தையும் அங்கிருந்து இறக்கைகளுக்குப் போகும் கம்பிகளையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பை அசைத்தால் கம்பி இழுபட்டு இறக்கை முறுக்கும். பெட்டியை முறுக்கிப் பார்த்த பிள்ளைக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பெங்களூரில் விமானப் பேச்சு வந்தால், இந்தியர்கள் முன்பே பறந்துவிட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் மகனும் கைப்பேசியில் பார்த்திருக்கக்கூடும். சிவ்கர் தல்படே என்பவர் 1895-ல் மும்பை சௌபாட்டி கடற்கரையில் ஆளில்லாத விமானத்தைப் பறக்கவிட்டார் என்பது அந்தக் கதை. அதற்கு உறுதியான சமகாலச் சான்று கிடைக்கவில்லை. பழைய விமான நூல் என்று காட்டப்படும் வைமானிக சாஸ்திரத்தை, அதே பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது என்றும், அதில் சொல்லப்பட்ட வடிவங்கள் பறக்கக்கூடியவை அல்ல என்றும் 1974-ல் வெளியிட்டார்கள். பெருமைப்பட வேண்டுமானால் அருங்காட்சியக வளாகத்திலேயே மாருத் போர் விமானம் நிற்கிறது. பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தில் ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1971 போரில் பங்கெடுத்தது. மரமும் துணியும் கொண்டு செய்த விமானத்துக்கும் ஜெட் போர் விமானத்துக்கும் இடையில் 58 ஆண்டுகள்தான். உள்ளே இருப்பதைப் பார்த்த சூட்டோடு வெளியே வந்து இதைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவதாக எஞ்சின் கூடத்துக்குப் போங்கள். அங்கே பல்சக்கரம், கப்பி, நெம்புகோல் தொடங்கிப் பெரிய எஞ்சின்கள்வரை இருக்கின்றன. உள்ளே நடப்பது தெரியும்படி வெட்டித் திறந்துவைத்த மாதிரிகளே மிகவும் பயனுள்ளவை. நீங்கள் பைக் ஓட்டுபவர் என்றால் இது உங்களுக்கான இடம். பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது, ஏறும்போது அது நெருக்கப்படுகிறது, பொறி பட்டதும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, மீண்டும் ஏறும்போது புகை வெளியேறுகிறது. நான்கு அசைவுகளில் ஒன்றுதான் வண்டியை ஓட்டுகிறது. மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடு. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் இந்த வெடிப்பு விநாடிக்கு 25 முறை நடக்கிறது. வால்வு எப்போது திறக்கிறது, அதைத் திறக்கும் முட்டைவடிவப் பல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சுற்று முழுவதும் நின்று பார்த்துவிட்டால், வணிகவியல் படித்தவருக்கும் பொறியியல் படித்தவருக்கும் அந்த இடத்தில் வேறுபாடு இல்லை.

மின்னியல் கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: காந்தத்துக்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முப்பந்தலில் காற்று செய்வதும், பேச்சிப்பாறை நீர் செய்யக்கூடியதும் அதுவே. நேரமிருந்தால் விண்வெளிக் கூடத்தில் மகனை விடுங்கள். திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் மகேந்திரகிரி வளாகம் நம் மாவட்ட எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் யாரையாவது அவன் ஊரில் பார்த்திருப்பான்.

அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்தவரைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். பாரத ரத்னா, பொறியாளர் நாள் என்ற அளவில் பொது அறிவுக் கேள்வியாகவே விசுவேசுவரய்யாவை அவர்கள் அறிந்திருப்பார்கள். 1903-ல் புனேக்கு அருகே கடக்வாஸ்லா அணையில் அவர் பொருத்திய தானியங்கி மதகுகளைச் சொல்லுங்கள். நீர் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் மதகு தானாகத் திறந்து மிகுதியை வெளியேற்றும். மட்டம் இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். அணையின் கரையை உயர்த்தாமலே கூடுதல் நீரைத் தேக்க அது வழி செய்தது. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல், அதே காலத்தில். மழைக்காலத்தில் நம் அணைகளின் மறுகால் திறப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

இரண்டாம் வகுப்பு மகளுக்கு மேலே சொன்னவற்றில் பாதிதான் பிடிக்கும். அவளுக்காக நுழைவாயில் பக்கம் தலையசைத்து உறுமும் ஸ்பைனோசாரஸ் உருவமும், விளையாடிப் பார்க்கும் அறிவியல் கூடமும், குழந்தைகளுக்கென்றே அமைந்த பகுதியும் இருக்கின்றன. சில குழந்தைகள் அந்த உறுமலில் மிரண்டுவிடுகிறார்கள். அது பொம்மை, மோட்டார் இயக்குகிறது என்று முன்பே சொல்லி வையுங்கள். இன்னொரு வேண்டுகோள்: பொத்தானை அமுக்கிவிட்டு என்ன நடந்தது என்று பாராமல் அடுத்த பொத்தானுக்கு ஓடும் பழக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அமுக்குவதற்கு முன் "என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு அமுக்க விடுங்கள். அவள் சொன்னது நடந்தாலும் நடக்காவிட்டாலும், முடிவைப் பார்க்க நிற்பாள். ஒரே காட்சியை நான்கைந்து தடவை செய்து பார்க்க விரும்பினால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வயதில் கற்பது அப்படித்தான். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்றே சொல்லி, சிறு நோட்டில் அவள் கையாலேயே எழுத வைத்து, அரங்கில் நிற்கும் விளக்குநரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் பலர் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விளக்குவார்கள். தமிழ் பேசுபவரும் கிடைப்பதுண்டு.

இதுவரை சொன்னவற்றில் இயந்திரம், எஞ்சின், இறக்கை பற்றியவை என் படிப்புக்கு உட்பட்டவை. அவற்றை உறுதியாகச் சொல்கிறேன். உயிரித் தொழில்நுட்பக் கூடம் எனக்குப் புறம்பான துறை. அதைப் பற்றி என் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. விமானத்தைச் சட்டை செய்யாமல் ஒரு கப்பியின் முன் அரை மணி நேரம் நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அப்படி வேறெங்காவது நின்றுவிட்டால் என் திட்டத்தைக் கைவிட்டு அவனோடு நில்லுங்கள். கூடங்களைப் புதுப்பிக்க மூடுவதும், சில காட்சிகள் பழுதாகி நிற்பதும் எல்லா அருங்காட்சியகங்களிலும் நடப்பவை. நுழைவுக் கட்டணம், முப்பரிமாணப் படக்காட்சி நேரம், அன்று திறந்திருக்கும் பகுதிகள் ஆகியவற்றைப் புறப்படும் வாரத்தில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, குழித்துறை வழியாகச் செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கேரளத்தைச் சுற்றிப் போவதால் 20 மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். நாகர்கோவில் சந்திப்பிலிருந்து மதுரை, சேலம் வழியாகப் போகும் இரவு வண்டி அதைவிட விரைவானது. எதில் போனாலும் போய் இறங்கிய அன்றைக்கே அருங்காட்சியகம் வேண்டாம். மறுநாள், அதுவும் சனி ஞாயிறு அல்லாத நாளில், காலை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் சிமுலேட்டருக்கும் சிறுவர் பகுதிக்கும் வரிசை நீண்டுவிடும். கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம், ஆனால் அம்மாவுக்காக ஆட்டோ பிடியுங்கள். மின்தூக்கி, சக்கர நாற்காலி பற்றி நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். வேண்டியிருக்காது என்று அவர் சொன்னாலும் கேட்டு வையுங்கள். இரண்டு மணி நேரம் பார்த்தபின் வெளியே வந்து சாப்பிட்டு, கப்பன் பூங்கா மரநிழலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, திரும்ப உள்ளே விடுவார்களா என்பதை முன்பே கேட்டுக்கொண்டு, விருப்பமிருந்தால் மீண்டும் போகலாம். ஒரே நாளில் கோளரங்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம் இருந்தால் அதை மறுநாளுக்கு மாற்றுங்கள்.

பெங்களூருப் பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகை தேவையென்றால், திருநெல்வேலியிலுள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போய் வாருங்கள். 1987-ல் தொடங்கப்பட்ட அது பெங்களூரு அருங்காட்சியகத்தின் கீழ் இயங்கும் கிளைதான். அரை நாளில் பார்த்துவிடலாம், பிள்ளைகள் எதில் நிற்கிறார்கள் என்பது அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் இன்னும் பக்கம். அங்கே அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகமும் பிரியதர்சினி கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தும்பாவில், 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது அலுவலகமாகப் பயன்பட்ட மகதலேனா மரியாள் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அது பாதுகாக்கப்பட்ட வளாகம் என்பதால், போகும் நாளையும் நேரத்தையும் முன்னதாக விசாரித்து, பெரியவர்கள் எல்லாருடைய அசல் அடையாள அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.